எந்த வெயிலுக்கு எந்த எண்ணெய்

எஞ்சின் எண்ணெய் விற்கிற கடையில் எண்ணெயைவிட அதிகம் செலவாவது வாய்.

மலேசியாவில், கோலா சிலாங்கூரிலிருந்து தோட்டங்களுக்கு உள்ளே போகும் சாலையில் எங்களுக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. வீட்டுக்காரர் வண்டிகளுக்கு அடியில் படுத்திருப்பார். நான் முன்னால் கல்லாவில், எண்ணெய்ப் போத்தல்களுக்கு நடுவில் நிற்பேன். வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவர் பாடு. வந்தவர் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிப்பது என் பாடு. இரண்டில் எது கஷ்டம் என்று கல்லாவுக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். உங்களுடையது மருந்துக் கடையோ மளிகைக் கடையோ துணிக் கடையோ, நீங்களும் என் கட்சிதான்.

நம் வெயிலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கும், எடுத்து வாருங்கள் என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் புத்தகம் பழைய சொந்தக்காரரிடமே இருக்கிறது என்பார்கள். பிறகு பேச்சுதான். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகிற பேச்சாக இருக்கும். இந்த வருஷம் ஒன்று மட்டும் அப்படி இல்லை. செல்வம் என்கிற ஓர் ஆளைப் பொய்யன் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிடுவதா வேண்டாமா என்பது என் கல்லாவின் முன்னால் வந்து நின்றது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே பேச்சு எப்படி நடக்கும் என்று முதலில் கொஞ்சம் தெரிந்தால்தான் அது விளங்கும்.

அண்ணன் இல்லையா

தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் ஒருவர் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தலைக்கு மேலே எட்டி அண்ணனைத் தேடினார். எண்ணெய் விஷயம் என்றால் என்னிடம் கேளுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. நேராக உள்ளே போய், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் கேட்டார். முன்னால் கேளுங்கள் என்று கால்கள் சொல்லிவிட்டன.

வேறு வழியில்லாமல் திரும்பி வந்தார். எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள், மண் பாதையா தார் ரோடா, புகை எந்த நிறத்தில் வருகிறது, போன தடவை எப்போது மாற்றினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எடுத்துக் கொடுத்தேன். போத்தலைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் அந்தக் கால்களிடம் போய்க் காட்டினார். அவ குடுத்தா சரியாத்தான் இருக்கும் என்று உள்ளிருந்து குரல் வந்தது. காசு கொடுக்கும்போது அவருக்கும் கொஞ்சம் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "நல்லாத்தான் சொல்றீங்க, தங்கச்சி. அடுத்த தடவ அண்ணன் வெளிய இருக்கறப்ப வர்றேன்."

கெட்டி

சுங்கை சோவிலிருந்து ஒரு பெண் புதுக் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வந்தாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை, முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்கிய கார். புத்தகம்கூட இருந்தது. நான் அவளைக் கட்டிப்பிடிக்காத குறை. புத்தகம் சொன்னபடி மெல்லிய எண்ணெயை எடுத்து வைத்தேன். அப்பா போத்தலைச் சாய்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். இந்த வெயிலுக்குத் தண்ணி மாதிரி எண்ணெயா என்று கேட்டார். அவர் லோரி ஓட்டிய காலத்தில் தேங்காய்ப் பால் மாதிரி விழுமாம்.

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும், ஓடுகிற எஞ்சினின் சூட்டை உள்ளே இருக்கும் தண்ணீர் ஓர் அளவில் பிடித்து வைக்கிறது. புது எஞ்சினில் எண்ணெய் போகிற வழி குறுகல். கெட்டியாக ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரம் ஆகும், தேய்மானம் அங்கேதான். பழைய லோரிக்கு உள்ளே இடைவெளி விழுந்திருக்கும், அதற்குக் கெட்டி சரி. இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மகள் கைப்பேசியில் தேடிக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டி முடித்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார்: "சாம்பாரே தண்ணியா இருந்தா நான் தொட மாட்டேன்னு உனக்குத் தெரியும்லமா."

குளிர்ச்சி

கெர்லிங் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு ஆள் ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர், வண்டிக்கு உடம்புச் சூடு அதிகம், குளிர்ச்சியான எண்ணெயாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். குளிர்ச்சியான எண்ணெய் என்று ஒன்று கிடையாது என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்குக் கண் எரிச்சல் வந்தால் நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுகிறார், சரியாகிவிடுகிறது. எஞ்சினுக்கு மட்டும் அப்படி ஒன்று இல்லை என்றால் நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்.

வீட்டுக்காரர் வந்து முன்பக்கத்தைத் திறந்தார். தண்ணீர்க் குழாயில் வெடிப்பு, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எண்ணெய் மேல் ஒரு குற்றமும் இல்லை. குழாயை மாற்றி, தண்ணீர் நிரப்பி, சூடு காட்டும் முள் கீழே இறங்குவதைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாலும் முகத்தில் ஒரு வருத்தம். "அப்ப வண்டிக்கு சனிக்கிழமையே கிடையாதாக்கா?"

அந்த ஓர் எழுத்து

சுங்கை புரோங்கில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் வைத்திருக்கிற பெரியவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். போத்தலில் இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஏன் டபிள்யூ என்று கேட்டார். குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து, முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்று சொல்லும், இரண்டாவது எண் சூட்டில் எப்படி நிற்கும் என்று சொல்லும் என்றேன். அவர் வெளியே பார்த்தார். ரோட்டுக்கு மேலே காற்று கொதித்துக்கொண்டிருந்தது. நாய் ஒன்று எங்கள் தண்ணீர்க் குழாயடியில் படுத்து எழுந்திருக்க மாட்டேன் என்றது.

குளிர்காலம் நம் நாட்டுக்கு எப்போது வந்தது என்று கேட்டார். வரவில்லை என்றேன். வராததற்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று யோசித்தார். அந்த யோசனையில் எனக்கும் ஒரு நியாயம் தெரிந்தது, என்ன செய்ய. "அந்த டபிள்யூவ எடுத்துட்டு மிச்சத்துக்கு வெல சொல்லுமா."

ஊத்தினியா

இவர்களை எல்லாம் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். கெட்டி என்றால் சத்து, குளிர்ச்சி என்றால் சுகம். வீட்டில் புழங்கும் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் எஞ்சினுக்குள் இறங்குகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. செல்வத்துக்கு ஆனது.

செல்வம் புதுக்கோட்டைப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்து எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. குலைகளைப் பொறுக்கி ரோட்டுக்குக் கொண்டுவரும் சின்ன டிராக்டர் அவர் பொறுப்பில் இருந்தது. கல்யாணம் ஆனவர், ஒரு மகள். ஊரில் கட்டுகிற வீடு ஜன்னல் மட்டம் வரை எழும்பியிருக்கிறது என்று யாரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலை அந்த டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு மண்டோர் சுப்ரா வந்தார். தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், எங்களுக்குப் பழைய வாடிக்கை. தோட்டத்து வண்டி எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களிடம் வரும். எஞ்சின் இறுகிவிட்டது, சுற்றவே இல்லை. பின்னால் செல்வம் நடந்தே வந்தார், ஏறிக்கொள்ளச் சொல்ல யாரும் இல்லை போலிருக்கிறது. மண்டோர் மேசையைத் தட்டிச் சொன்னார். தினமும் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டில் வைத்து, எண்ணெய் பார்த்தாயா என்று கேட்பாராம். பார்த்தேன் என்பாராம் செல்வம். ஊற்றினாயா என்றால், ஊற்றினேன் என்பாராம். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் வாங்கி வைத்த போத்தல்கள் சீல்கூட உடையாமல் அப்படியே இருக்கின்றன. அத்தனை பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான் என்றார். அன்று பெரட்டிலேயே எல்லார் முன்னாலும் பொய்யன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். தவுக்கே, அதாவது குத்தகை எடுத்திருக்கிற சீன முதலாளி, சாயங்காலம் நேரில் வருகிறார். பொய் என்று உறுதியானால் பெர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார். அப்படிப் போனால் திரும்பி வர வழி கிடையாது. வீட்டுக்காரர் கேட்டதற்குச் செல்வம் சொன்னார்: "நான் ஊத்தினேன் அண்ணே."

எங்கேர்ந்து

வீட்டுக்காரர் டிராக்டருக்கு அடியில் படுத்து எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றினார். எண்ணெய் ஒழுகியது, நிறையவே ஒழுகியது. அளவில் குறை இல்லை. ஆனால் அடுப்புக் கரியைக் கரைத்த மாதிரி ஒரு கறுப்பு. விரலில் தேய்த்தால் மணல் நறநறத்தது, தண்ணீரும் கலந்திருந்தது. டீசல் எஞ்சினில் எண்ணெய் சீக்கிரம் கறுப்பாவது சகஜம்தான். மணலும் தண்ணீரும் சகஜம் இல்லை.

எனக்குக் கொஞ்சம் நிம்மதி. எண்ணெய் ஊற்றியிருக்கிறார் என்பது தெரிகிறதே, பொய் இல்லையே என்றேன். மண்டோருக்கு அது நிம்மதியாக இல்லை. இப்போது இன்னொரு சந்தேகம் சேர்ந்துகொண்டது. எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: "சீலே ஒடையலயே. அப்ப எங்கேர்ந்து ஊத்தினான்?"

தேன் கலர்

மண்டோர் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். செல்வத்தை எங்கள் கடை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார். தவுக்கே வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று கட்டளை. சாப்பாடு கொடுத்தேன், பாதி சாப்பிட்டார். அனுப்பினாலும் பரவாயில்லை அக்கா, பொய் சொன்னான் என்று சொல்லி அனுப்பினால் ஊரில் பெண்டாட்டிகூட ஒரு நிமிஷம் யோசிப்பாள் என்றார். எனக்கு மண்டோர் மேல் கோபம் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு லோரிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது. புதுப் போத்தலைத் திறந்து, கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் ஜக்கில் அளந்து ஊற்றினேன். செல்வம் எட்டிப் பார்த்தார். தேன் கலரில் இருக்கிறதே, இது என்ன எண்ணெய் என்று கேட்டார். கறுப்பெண்ணெய் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் விளையாடுகிறேனா என்று.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் எண்ணெய்க்கு மலாயில் மினியா ஹித்தாம் என்று பெயர், கறுப்பு எண்ணெய் என்று அர்த்தம். அதை நாங்கள் அப்படியே தமிழாக்கிக் கறுப்பெண்ணெய் ஆக்கிவிட்டோம். பிறந்ததிலிருந்து சொல்கிறோம். அது மஞ்சளாக இருக்கிறது என்பதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. செல்வத்தின் ஊரில் அதற்கு ஆயில் என்று பெயர். ஆயில் ஊற்று என்று சொல்லியிருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு சரியாக ஊற்றியிருப்பார். மண்டோர் கறுப்பெண்ணெய் என்று சொன்னார். ஸ்டோருக்குப் பின்னால் ஒரு டிரம்மில், வண்டிகளிலிருந்து வடித்த பழைய எண்ணெய் திறந்தபடி நிற்கும், வேலிக் கட்டைகளில் கரையான் ஏறாமல் பூச. தோட்டத்திலேயே கறுப்பாக இருந்த எண்ணெய் அது ஒன்றுதான். செல்வம் ஜக்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நம்ம ஊர் டிராக்டருக்கு ஆயில் ஊத்துவோம்க்கா. இந்த ஊரு வெயிலுக்குக் கறுப்பா வேற ஒண்ணு இருக்கும் போலன்னு நெனச்சேன்."

உங்க கண்ணுக்கு

மண்டோருக்கு உடனே போன் செய்தேன், வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. கறுப்பெண்ணெய் என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். எதிர்த்துப் பேசினால் தோட்டத்து வண்டிகள் நாளைக்கு வேறு வொர்க்‌ஷாப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். பேசு என்கிறாரா பேசாதே என்கிறாரா என்று விளங்கவில்லை, அதனால் பேசினேன்.

ஜக்கைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, அண்ணே, உங்கள் கண்ணுக்கு இது கறுப்பா என்று கேட்டேன். அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஆயுசு முழுக்க வாங்கி ஊற்றிய எண்ணெயை அன்றுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி இருந்தது. ஜக்கை இறக்கி வைத்தார். செல்வத்தைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் சொன்னார்: "அவன் பொய் சொல்லலமா."

தவுக்கே

சாயங்காலம் தவுக்கே வந்தார். மண்டோர் நினைத்திருந்தால், புது ஆள், விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். தவுக்கே மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார். ஆனால் தன் பங்கையும் சேர்த்தே சொன்னார். நான் சொன்ன சொல் அவனுக்குப் புரிகிற சொல் இல்லை, புரிந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை, ஊத்தினியா ஊத்தினியா என்று மட்டும் கேட்டேன் என்று மலாயில் சொன்னார். அந்த மனுஷனுக்கு அப்படிப் பேசிப் பழக்கம் இல்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

தவுக்கே செல்வத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜக்கைக் கேட்டு வாங்கினார். பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். எஞ்சினைத் திறந்து செய்யுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பெர்மிட் பேச்சை எடுக்கவே இல்லை. எங்களுக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் இவரை அனுப்பவில்லையா என்று நானே கேட்டுவிட்டேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "வாங்கறது மஞ்சள் எண்ணெய், நானே கறுப்பு எண்ணெய்னு சொல்லித்தான் இத்தனை வருஷம் வாங்கியிருக்கேன். என்னை எந்த ஊருக்கு அனுப்பறது?"

பெரட்டு

மறுநாள் காலை பெரட்டில், பொய்யன் என்று சொன்ன அதே இடத்தில் அதே ஆட்கள் முன்னால், அப்படிச் சொன்னது என் தப்பு என்று மண்டோர் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது செல்வம் இல்லை, அங்கே குலை வெட்டும் ஒருத்தர். சில பேர் சிரித்தார்களாம். மண்டோர் சிரித்தவர்களைப் பார்த்தாராம், சிரிப்பு நின்றுவிட்டதாம். தோட்டத்து வண்டிகள் இன்னும் எங்களிடம்தான் வருகின்றன.

எஞ்சின் சரியாகி டிராக்டர் போன பிறகு, ஒருநாள் செல்வமே கடைக்கு வந்தார், எண்ணெய் வாங்க. பெஞ்சில் உட்காரவில்லை, நேராகக் கல்லாவுக்கு வந்தார், அண்ணனைத் தேடவும் இல்லை. ஊரில் வீட்டுக்கு ஜன்னல் வைத்தாகிவிட்டது என்று இரண்டாவது வாக்கியத்தில் சொன்னார். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கையில் எடுக்கவில்லை. மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "மண்டோர் அண்ணன் கறுப்பெண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னாருக்கா. நல்ல மஞ்சளா பாத்துக் குடுங்க."

எந்த வெயிலுக்கு எந்த எண்ணெய் என்று கேட்டால் தூக்கத்தில்கூட நான் சொல்லிவிடுவேன், ஆனால் அதற்குக் கறுப்பெண்ணெய் என்று பெயர் வைத்த ஆள் எங்கேயாவது அகப்பட்டால் அவரிடம் தனியாகப் பேச எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது.